டிரையம்ப் ஹெரால்டின் உள்வாங்கும் ஸ்டீயரிங் தண்டு

டிரையம்ப் ஹெரால்டு என்பது இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959 முதல் 1971 வரை தயாரித்த சிறிய கார் ஆகும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி இதன் உடலை வடிவமைத்தார். விபத்தின்போது ஓட்டுநரின் மார்பை நோக்கி வராமல், ஒன்றனுள் ஒன்றாக உள்வாங்கும் ஸ்டீயரிங் தண்டு இதன் சிறப்புகளுள் ஒன்று. அமெரிக்காவில் இத்தகைய தண்டு பரவலாவதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, விலை குறைந்த இந்தக் காரில் அது இடம்பெற்றிருந்தது.

முன்வரலாறு

1886ஆம் ஆண்டின் பென்ஸ் மூன்று சக்கர வண்டியில் ஸ்டீயரிங் சக்கரம் இல்லை. ஒரு கைப்பிடியே திசையை மாற்றியது. 1894இல் நடந்த பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் தமது பன்ஹார்டு வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் சாய்வான தண்டும் அதன் உச்சியில் சக்கரமும் வழக்கமாயின.

அந்தத் தண்டு பெரும்பாலும் ஒரே நீளமான இரும்புக் கம்பியாக இருந்தது. அதன் கீழ்முனை வண்டியின் முன்பகுதியில் உள்ள பற்சக்கரப் பெட்டியோடு இணைந்திருந்தது. நேருக்கு நேர் மோதினால் முன்பகுதி நசுங்கிப் பின்னே வரும். அதனுடன் தண்டும் ஓட்டுநரை நோக்கி வரும். இருக்கைப் பட்டை அரிதாக இருந்த அந்தக் காலத்தில், பல ஓட்டுநர்களின் உயிரிழப்புக்கு இது காரணமாயிற்று.

ஹெரால்டின் அமைப்பு

ஹெரால்டில் தண்டு இரு துண்டுகளாக அமைந்தது. மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒன்றனுள் ஒன்று நகரக்கூடியவை. இரண்டையும் ஓர் இறுக்கி (கிளாம்ப்) பிடித்திருக்கும். இறுக்கியைத் தளர்த்தினால், ஓட்டுநரின் கைநீளத்துக்கு ஏற்பச் சக்கரத்தை அருகிலோ தள்ளியோ வைத்துக்கொள்ளலாம். கடும் மோதலில் இறுக்கியின் பிடி வழுகி, தண்டின் நீளம் குறையும். வசதிக்கும் பாதுகாப்புக்கும் ஒரே பாகம் பயன்பட்டது.

பொருத்துதலும் நேர்ப்படுத்துதலும்

ஹெரால்டின் உடல் தனிச் சட்டகத்தின் (சேசிஸ்) மீது போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. திசைமாற்றும் ரேக் சட்டகத்திலும், தண்டின் மேல்பகுதி டேஷ்போர்டின் கீழும் பொருத்தப்பட்டுள்ளன. எனவே தண்டின் நேர்மை, உடல் சட்டகத்தின் மீது சரியாக அமர்ந்திருப்பதைப் பொறுத்தது. பழைய காரைப் புதுப்பிக்கும்போது இடையிலுள்ள திண்டுகளின் உயரம் மாறினால், தண்டு ரேக்கை அடையும் கோணமும் மாறிவிடும். இரண்டையும் இணைக்கும் நெகிழ் இணைப்பு சிறிய கோண வேறுபாட்டை மட்டுமே தாங்கும். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் கனக்கும், திருப்பத்துக்குப் பின் சக்கரங்கள் தாமாக நேருக்குத் திரும்பா, தண்டைத் தாங்கும் புஷ்களும் விரைவில் தேயும்.

ஆகவே வேலை கீழிருந்து மேலாகச் செய்யப்படுகிறது:

1. ரேக்கைச் சட்டகத்தில் பொருத்தி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையுள்ள சுற்றுகளை எண்ணி, அதன் பாதியில் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.
2. முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது தண்டை நெகிழ் இணைப்பில் சேர்க்க வேண்டும்.
3. டேஷ்போர்டின் கீழுள்ள பிடிகளைத் தளர்வாக மாட்டி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். தண்டு தன் இயல்பான இடத்தில் அமர்ந்த பிறகே பிடிகளை இறுக்க வேண்டும்.
4. சக்கரத்தின் தூரத்தைச் சரிசெய்து, இறுக்கியை இறுதியாக முடுக்க வேண்டும்.

நான்காவது படியே உயிர்காப்புக்கு உரியது. இறுக்கி தளர்ந்திருந்தால், ஓட்டும்போதே சக்கரம் முன்பின் நகரக்கூடும். இறுக்கியை விட்டுவிட்டு இரு துண்டுகளையும் பற்றவைத்தால் தண்டு உள்வாங்காது. பழைய ஒற்றைக் கம்பியின் ஆபத்து மீண்டும் வந்துவிடும்.

சட்டம் ஆக்கப்படுதல்

1965இல் ரால்ஃப் நேடர் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய நூல் அமெரிக்காவில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967ஆம் ஆண்டு மாதிரிகளில் மோதலின் ஆற்றலை உறிஞ்சும் தண்டைப் பொருத்தியது. 1968 முதல் அது விதியாயிற்று: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில், தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னே வரக்கூடாது. 1981இல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி, இத்தகைய தண்டுகள் நேர்மோதலில் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 12 விழுக்காடு குறைத்தன.

சென்னைத் தொடர்பு

இந்தக் கார் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பழைய கார் ஆர்வலர்கள் சிலர் இன்றும் ஹெரால்டுகளைப் பேணி வருகின்றனர். பழைய ஹெரால்டு ஒன்றை வாங்குவோர் வண்ணப்பூச்சையும் எஞ்சினையும் பார்ப்பதோடு, டேஷ்போர்டின் கீழே குனிந்து தண்டு இரு துண்டுகளாகவே உள்ளதா, இறுக்கி முழுமையாக உள்ளதா என்றும் பார்ப்பது நல்லது.