தேசிமரமும் வண்ணாத்திப்பூச்சியும்

சித்திரை பிறந்துவிட்டால் சோஹாரில் வெளியே நின்று எதையும் பார்க்க விடியற்காலை மட்டும்தான். பத்து மணிக்கு மேல் வெயில் ஆளை விரட்டும். வெள்ளிக்கிழமைகளில் உணவகம் தொழுகைக்குப் பிறகே திறக்கும் என்பதால், ஒரே அறையில் இருக்கும் நாங்கள் மூவரும் பாத்தினாக் கரையோரத் தோட்டங்களுக்குள் நடந்துவிட்டு வருவோம். பேரீச்சைகளின் கீழே மாவும் தேசியும், அதற்கும் கீழே ஆடுமாடுகளுக்கு வெட்டுகிற, இங்கே 'கத்' என்று சொல்லப்படும் குதிரைமசால். அதன் ஊதாப் பூக்களில் நீலச் சிறுபூச்சிகள். வேலியோர எருக்கலையில் செம்மஞ்சள் நிறத்தவை. ஆனால் எம்மை நிறுத்திவைப்பது தேசிமரத்தைச் சுற்றுகிற, கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளியிட்ட பெரிய வண்ணாத்திப்பூச்சிதான். ஊரில் கிணற்றடித் தேசியில் பார்த்த அதே பூச்சி.

எம்மில் விலங்கியலை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு ஓடிவந்த ஆளும் உண்டு. அதனால் இதன் பெயர் பப்பிலியோ டெமோலியஸ் என்பதும், 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது என்பதும் அறைக்குள் அடிக்கடி சொல்லப்படும். ஓமானின் வண்ணாத்திப்பூச்சிகளுக்கென்றே டோர்பன் லார்சனும் கீகீ லார்சனும் 1980இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எமக்கு வேண்டிய கதையோ அதைவிட ஆயிரம் வருடம் பழையது.

பத்தாம் நூற்றாண்டில் சோஹார் பெரிய துறைமுகம். சீனத்துக்கும் இந்தியாவுக்கும் கப்பல்கள் போய்வந்த இடம். அக்காலத்து வரலாற்றாளர் அல்மசூதி (இறப்பு 956) ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். நாரஞ்ச் என்ற தோடையும் ஒருவகை உருண்டை நாரத்தையும் ஹிஜ்ரி 300க்குப் பின்னர், அதாவது ஏறத்தாழ 912க்குப் பின்னர், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டன. அங்கிருந்து பஸ்ராவுக்கும் ஈராக்குக்கும் சிரியாவுக்கும் போயின. போன இடங்களில் அவை தமது பழைய வாசத்தையும் நிறத்தையும் இழந்துவிட்டன. பிறந்த மண்ணும் நீரும் காற்றும் அங்கே இல்லையே என்கிறார். (நாரஞ்ச் என்ற சொல்லே எங்கள் நாரத்தைக்கு உறவு என்பார்கள் மொழியறிஞர்கள்.) தேசியும் அந்தக் குடும்பம்தான். அதே கடல்வழியைத்தான் அதுவும் பிடித்திருக்க வேண்டும் என்பது எமது ஊகம். மரம் வந்த பின்னர், அதன் இலையைத் தின்று வளரும் பூச்சி இந்தக் கரையில் நிலைகொள்ள வேறு தடை என்ன?

அல்மசூதியோடு எமக்கு ஒரு வழக்கு உண்டு. வாசம் போய்விட்டது என்று அவர் எழுதிய அந்தக் குடும்பத்துத் தேசியை இந்நாட்டார் வெயிலில் காயவைத்துக் கறுப்பாக்கி 'லூமி' என்கிறார்கள். பாரசீகத்தில் அதன் பெயரே ஓமான் எலுமிச்சை. பஸ்ரா வழியாகப் போனதால் ஈராக்கில் அது பஸ்ரா எலுமிச்சை. தினமும் அதை இடித்துச் சோற்றுக்குப் போடுகிறவர்கள் நாங்கள். வாசம் போகவில்லை, மாறியிருக்கிறது.

ஆனால் மரத்துக்கே ஆபத்து வந்தது. 1970களில் பாத்தினாத் தேசிகளில் ஒரு நோய் தெரிந்தது. கிளைநுனிகள் விளக்குமாறுபோலக் கொத்தாகச் சிலிர்க்கும், இலை சிறுத்து வெளிறும், சில வருடங்களில் மரம் பட்டுப்போகும். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரின் வேலை. பின்னர் அமீரகத்திலும் ஈரானிலும் அது காணப்பட்டது. பூச்சியோ இன்னும் தூரம் போய்விட்டது. 2004இல் அத்திலாந்திக்குக்கு அப்பால் டொமினிக்கன் குடியரசில் அதைக் கண்டார்கள். மரபணுவைப் பார்த்தவர்கள் தென்கிழக்காசியாவிலிருந்து போனது என்றார்கள். யாரும் விசா கேட்டிருக்கமாட்டார்கள்.

பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் ஓமான் சேரவில்லை. எனவே இங்கே எமக்கு அகதி என்ற பெயர்கூட இல்லை. அட்டையில் சமையல் உதவியாளர் என்றிருக்கிறது. வேலை போனால் அட்டையும் போகும். அப்புறம் எங்கே அனுப்புவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போன வெள்ளி, தோட்டம் பார்க்கும் வங்காளத் தம்பி தேசிக்கன்றில் இருந்த பச்சைப் புழுக்களைப் பிடுங்கி நசுக்கிக்கொண்டிருந்தான். ஊரில் அம்மாவும் அதைத்தான் செய்வா. ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினோம். விரல் பட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கவர் ஒன்றை நீட்டி மிரட்டியது. அழுகிய தேசியின் நெடி. இலையோடு கொண்டுபோய்த் தூரத்து மரமொன்றில் விட்டோம். பின்னேரம் லூமி இடிக்கும்போதும் அந்த நெடி விரலில் இருந்தது.