உறையாத காந்தம் - வத்திராயிருப்பிலிருந்து தரமணி வரை

எங்க ஜெயமங்கலத்துக்குத் தெற்கே, வருசநாட்டு மலையைத் தாண்டினா வத்திராயிருப்பு. 1898-ல் கே.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊர். ஆமாங்க, ராமன் விளைவுல ராமனோட கூட நின்ன அதே கிருஷ்ணன்தான். அதுக்கப்புறம் அவர் செஞ்ச வேலையைப் பத்தி நாம அதிகம் பேசறதில்லை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தப்போ, படிகங்களோட காந்த குணம் திசைக்குத் திசை எப்படி மாறுதுன்னு நுட்பமா அளந்தார். அதுல கிராஃபைட்டும் ஒண்ணு. பென்சில்ல இருக்கே, அடுக்கடுக்கா அமைஞ்ச அதே கரி.

அடுக்குப் படிகங்கள்ல இன்னைக்கு விஞ்ஞானிகள் தேடி அலையற விஷயம் குவாண்டம் ஸ்பின் திரவம். திரவம்னதும் டம்ளரை எடுத்துடாதீங்க :-) பொருள் கெட்டியான படிகம்தான். உள்ளே இருக்கும் எலக்ட்ரான் ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். அந்த குணத்துக்குப் பேர்தான் ஸ்பின். குளிர வச்சா வழக்கமா இதெல்லாம் வரிசை கட்டி உறைஞ்சிடும். ஆனா ஒரு முக்கோணத்துல மூணு பேர், யாருக்கும் யாரோடயும் ஆகாது, இருக்கறதோ ரெண்டே கட்சின்னு வைங்க. மூணாவது ஆள் எந்தப் பக்கம் போவார்? இந்த இழுபறியோட குவாண்டம் அலைவும் சேர்ந்து, எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாம இருந்தா அதுதான் ஸ்பின் திரவம்.

1973-ல் இதை முதல்ல சொன்னவர் அமெரிக்காவின் பிலிப் ஆண்டர்சன். பல வருஷம் பெருசா யாரும் கண்டுக்கலை. 1986-ல் தாமிர ஆக்சைடு அடுக்குகள்ல புதுவகை மீகடத்தி கிடைச்சதும், அதுக்குக் காரணம் இந்தத் திரவம்தான்னு ஆண்டர்சன் மறுபடி கிளப்பினார். 1987-ல் அவரோட சேர்ந்து அந்தக் கோட்பாட்டை எழுதினவர்கள்ல ஒருத்தர் நம்ம ஜி.பாஸ்கரன்.

2006-ல் ரஷ்யாவில் பிறந்த கிட்டயேவ், தேன்கூடு மாதிரி அமைப்புல இந்தத் திரவத்துக்குத் துல்லியமான விடை கண்டார். அடுத்த வருஷமே தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர்.சங்கர் மூணு பேரும், அங்கே ஒரு ஸ்பின்னைத் தொட்டா அது எப்படித் துண்டு துண்டா உடையும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. இந்த உடையும் குணத்தை வச்சுத்தான், சுலபத்துல கெடாத குவாண்டம் கணினி செய்யலாம்னு நம்பிக்கை.

சரி, பொருள் எங்கே? தேன்கூடு அடுக்குகள் கொண்ட ரூத்தேனியம் குளோரைடு மேல பெரிய எதிர்பார்ப்பு. ஆனா 7 கெல்வின் பக்கம் வந்ததும் அதுவும் உறைஞ்சிடுது. வலுவான காந்தப்புலத்துல வச்சப்போ எதிர்பார்த்த அடையாளம் தெரிஞ்சதுன்னு 2018-ல் ஜப்பான் குழு ஒண்ணு அறிவிச்சது. மத்தவங்க அளந்தப்போ சிலருக்கு வந்தது, சிலருக்கு வரலை. வாக்குவாதம் ஓயலை.

இப்போ வேற வழி: அடுக்கை மெல்லிசா உரிச்சு, கிராஃபீன் மேல வைக்கிறாங்க. கிராஃபீன்லேர்ந்து எலக்ட்ரான்கள் இதுக்குள்ளே தாவி, காந்த குணத்தையே மாத்துமாங்கறதுதான் ஆராய்ச்சி. கிராஃபீன் வேற ஒண்ணுமில்லை, கிருஷ்ணன் அளந்த கிராஃபைட்டோட ஒத்தை அடுக்கு!

இதுதான் ஸ்பின் திரவம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட பொருள் இதுவரை ஒண்ணுகூட இல்லை. தரமணியில கணக்கு தயாரா இருக்கு. படிகத்தைச் செய்யப் போறவங்க நம்ம பிள்ளைகளா இருக்கட்டுமே.