துரத்தப்பட்ட கொடியும் புது வைன் திருநாளும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தின் (நவம்பர்) மூன்றாவது வியாழக்கிழமை, பிரான்சின் கடைவீதிகளெங்கும் ‘பொஜொலே நுவோ’ எனும் புது வைன் விற்பனைக்கு வருகின்றது. குடிப்பதும் குடியாமையும் அவரவர் விருப்பம். ஆயினும், இந்நாளின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

லியோன் நகருக்கு வடக்கேயுள்ள குன்றுப் பிரதேசமே பொஜொலே. அங்கு விளையும் கறுப்பு முந்திரிகையின் பெயர் ‘கமே’. 1395ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள், பர்கண்டியின் கோமகன் பிலிப், இக்கொடியைத் துரோகக் கொடியென இகழ்ந்து, தன் நாட்டிலிருந்து பிடுங்கியெறியுமாறு ஆணையிட்டான். அது மிகுதியாகக் காய்த்தது. ஆனால் அதன் வைன் தரங்குறைந்தது என்பது அவன் குற்றச்சாட்டு. அவனது ஆட்சிக்கு உட்படாத தெற்கிலே, கருங்கற் பாங்கான பொஜொலே மண்ணில், அக்கொடி செழித்து நிலைத்தது.

பழக்குலைகளை நசுக்காது முழுமையாகவே மூடிய தொட்டிகளில் இட்டு, கரியமில வாயுவின் நடுவே சில நாட்கள் நொதிக்க விடுவர். இதனால் துவர்ப்புக் குறைந்து, சில வாரங்களிலேயே அருந்தத்தக்க வைன் கிடைக்கின்றது. அதனைச் சோன் நதிவழியே லியோனுக்கு அனுப்பி விற்றனர். ஓராண்டு உழைத்த கமக்காரனுக்கு, குளிர்காலத்தின் முன் கைக்கு வரும் பணம் அதுவே.

1951ஆம் ஆண்டு புரட்டாதியில், மார்கழி 15இற்கு முன் இத்தகைய வைன்களை விற்கலாகாதென அரசு விதித்தது. கமக்காரர் விடாது முறையிட்டனர். அவ்வாண்டு கார்த்திகை 13ஆம் நாளே, சில வைன்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1967இல் விற்பனை நாள் கார்த்திகை 15 என நிர்ணயிக்கப்பட்டது. 1985 முதல் மூன்றாவது வியாழன் ஆயிற்று. இன்று யப்பான் வரை இவ்வைன் செல்கின்றது. பொஜூ என்னும் சிற்றூரிலோ, முதல்நாளிரவு கத்தரித்த முந்திரிகைச் சுள்ளிகளைக் கொளுத்திய வண்ணம் ஊர்வலம் வந்து, நள்ளிரவில் பீப்பாயைத் திறக்கின்றனர்.

தைப்பூசத்தில் புதிர் எடுத்த எமக்கு, முதல் விளைச்சலைக் கொண்டாடும் இம்மகிழ்ச்சி அந்நியமானதன்று. எமது பிள்ளைகள் இந்நாளைப் பற்றி வினவும்போது, போத்தலின் கதையை மட்டும் சொல்லாது, ஓரிடத்தில் வேண்டாததென ஒதுக்கப்பட்டு, வேறோர் இடத்தில் வேரூன்றி, அவ்விடத்தின் பெயரை உலகறியச் செய்த கொடியின் கதையையும் சொல்வோமாக.