லெக்சிங்டன் பெற்றெடுத்த பேராசிரியர்கள்

இதய நோய்க்கு ஒரு பேராசிரியர் வேணும்னு மருத்துவக் கல்லூரி விளம்பரம் கொடுத்தா வரிசை கட்டி நிப்பாங்க. ஆனா 1960-களில் அமெரிக்காவுல ஒரு மனநல மருத்துவத் துறைத் தலைவர், போதைப் பழக்கத்தை ஆராய ஆள் தேடியிருந்தா? கிடைக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அந்தக் கொஞ்சப் பேரிலும் பலர் ஒரே இடத்துல வேலை பார்த்தவங்க. அது எப்படின்னு தேடிப் படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

முதல்ல, ஏன் இந்தப் பஞ்சம்? 1914-ல் ஹாரிசன் சட்டம் வந்தது. அடிமையானவருக்கு அந்தப் பழக்கத்தைத் தொடர்வதற்காகவே மார்ஃபின் எழுதிக் கொடுப்பது மருத்துவம் ஆகாதுன்னு 1919-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மீறின மருத்துவர்கள் மேல வழக்கு, கைது. அதோட மருத்துவ உலகம் இந்த நோயாளிகளை விட்டு ஒதுங்கிடுச்சு. நோயாளியே இல்லாத துறைக்கு மாணவன் எப்படி வருவான்?

நோயாளிகள் போய்ச் சேர்ந்த இடம் கென்டக்கி மாநிலத்துல லெக்சிங்டன். 1935-ல் அரசின் பொது சுகாதாரச் சேவை அங்கே பாதி சிறை, பாதி மருத்துவமனையா ஒன்றைத் திறந்தது. மாட்டுப்பண்ணை, வயல்னு ஏக்கர் கணக்கில் நிலம். அதனால பேரே 'நார்காட்டிக் ஃபார்ம்'. தண்டனைக் கைதிகளும் இருந்தாங்க, தானா வந்து சேர்ந்தவங்களும் இருந்தாங்க. உள்ளேயே ஒரு ஆராய்ச்சிக் கூடம்.

இப்போ கதையில ஒரு திருப்பம். அந்தக் காலத்துல அமெரிக்க மருத்துவர்களுக்கும் கட்டாய ராணுவ சேவை உண்டு. பொது சுகாதாரச் சேவையில் 2 வருஷம் வேலை பார்த்தா அதுவே ராணுவக் கடமையாக் கணக்காகும். யேல் பல்கலைக்கழகத்துல மனநல மருத்துவம் படிச்ச ஹெர்பர்ட் க்ளீபர் இப்படிச் சேர்ந்தவர்தான். 1964-ல் லெக்சிங்டனுக்குப் போடப்பட்டார். அவர் விரும்பிக் கேட்ட இடம் இல்லீங்க அது! 1966-ல் யேல் திரும்பினார். லெக்சிங்டன்ல இருந்தவராச்சேன்னு அடிமையானவர்களை அவர்கிட்டயே அனுப்ப ஆரம்பிச்சாங்க. 1968-ல் யேலில் போதை சார்பு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி, 1989 வரைக்கும் அவரே நடத்தினார்.

இன்னொருத்தர் ஜெரோம் ஜாஃபி. இவரும் லெக்சிங்டன் அனுபவம் உள்ளவர். 1966-ல் சிகாகோ பல்கலைக்கழக மனநலத் துறைக்குத் தலைவராப் போன டேனியல் ஃப்ரீட்மன் இவரை அங்கே அழைச்சுக்கிட்டார். ஜாஃபி 1968-ல் இல்லினாய் மாநிலத்துக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் தொடங்கினார். மெத்தடோன், குழுவாகத் தங்கித் திருந்தும் இல்லங்கள்னு பல முறைகள் ஒரே திட்டத்துக்குள்ள. யாருக்கு எது ஒத்து வருதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க அது வழி. வியட்நாம் போன வீரர்கள் ஹெராயினோட திரும்பறாங்கன்னு நாடே பயந்தப்போ, 1971 ஜூனில் அதிபர் நிக்சன் கூப்பிட்டது இந்த ஜாஃபியைத்தான். ஒரு துறைத் தலைவர் எடுத்த ஒரு நியமன முடிவு வெள்ளை மாளிகை வரைக்கும் போயிருக்கு பாருங்க.

இதுவரைக்கும் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லெக்சிங்டன் ஆராய்ச்சிக் கூடத்துல சோதனைக்கு உட்பட்டவங்க கைதிகள். பங்கெடுத்தா போதை மருந்தே பரிசாக் கிடைச்ச காலமும் உண்டு. சி.ஐ.ஏ. பணத்துல எல்.எஸ்.டி. சோதனையும் அங்கே நடந்தது. 1970-களின் நடுவில் இதெல்லாம் வெளியே வந்து, 1976-ல் கைதிகள் மேலான ஆராய்ச்சியே நின்னது. அந்தத் தலைமுறையின் அறிவில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். அதை மறைச்சு இந்த வரலாற்றை எழுத எனக்கு மனசு வரலை.

1973-ல் கட்டாய ராணுவ சேவையும் போச்சு. இனி தற்செயலா ஆள் கிடைக்க வழியில்லை. 1970-களில் அமெரிக்க அரசு 'கேரியர் டீச்சர்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. மருத்துவக் கல்லூரியில் இருக்கிற ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து, மது, போதை பற்றிப் பாடம் உருவாக்கவும் சொல்லிக் கொடுக்கவும் நேரம் வாங்கிக் கொடுப்பது. அதில் இருந்தவங்க 1976-ல் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைச்சாங்க. 1980-களின் தொடக்கத்தில் திட்டம் முடிஞ்சுது, சங்கம் நிலைச்சுது.

1992-ல் கொலம்பியா பல்கலைக்கழக மனநலத் துறை இன்னொரு வழியைப் பிடிச்சது. க்ளீபரையும் அவர் மனைவி மரியன் ஃபிஷ்மனையும் சேர்த்தே கொண்டு வந்தாங்க. அவர் சிகிச்சையில் கைதேர்ந்தவர். அந்தம்மா கொக்கெய்ன் மனுஷங்களை என்ன செய்யுதுன்னு தன்னார்வலர்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தவர். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிரிவையே கட்டினாங்க. இளையவங்க வந்து கத்துக்க ஒரு இடம் உருவாச்சு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். பேராசிரியர் நாற்காலியைப் போட்டு வச்சா மட்டும் ஆள் வந்துடாது. நோயாளியை நேர்ல பார்த்துப் பழகின இளம் மருத்துவர் முதல்ல வேணும். அப்புறம் அவரைக் கேவலமா நினைக்காத துறைத் தலைவர் வேணும். அப்புறம் சம்பளத்துக்கு வழி. அன்னிக்கு முதலாவது ராணுவச் சட்டத்தின் தயவில் கிடைச்சது. 2021-ல் மட்டும் அமெரிக்காவில் அளவுக்கு மீறின போதையால் செத்தவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. இவங்களுக்கு வைத்தியம் தேட வேண்டியவங்களைத் தற்செயல் அனுப்பி வைக்கும்னு காத்திருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.