கிளைசின் படிகமும் கரைசலின் புளிப்பும்

கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்குப் படிக வளர்ப்பின் அடிப்படை தெரியும். செறிந்த பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் சில நாட்கள் வைத்திருந்தால் சர்க்கரை தன் ஒழுங்கில் தானே அடுக்கிக்கொள்ளும். எந்தப் பொருளுக்கு எந்த ஒழுங்கு என்பது அதன் மூலக்கூறிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் நாம் எண்ணுவோம். கிளைசின் எனும் மிக எளிய அமினோ அமிலத்தின் வரலாறு இந்த எண்ணத்தைத் திருத்துகிறது. அதே கிளைசின், அதே நீர். அமிலம் சற்றே கூடினால் வேறொரு படிகம் வளர்கிறது. ஒளியிடம் அது நடந்துகொள்ளும் விதமும் மாறிவிடுகிறது.

கிளைசின் உலகுக்குத் தெரியவந்ததே ஓர் அமிலத்தின் வழியாகத்தான். பிரான்சின் நான்சி நகரில் வாழ்ந்த வேதியியலாளர் ஆன்ரி பிராக்கோனோ 1820-இல் ஜெலட்டினைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துக் காய்ச்சினார். கிடைத்த படிகங்கள் இனித்தன. ஆகவே அதற்கு 'ஜெலட்டின் சர்க்கரை' என்று பெயரிட்டார். அது சர்க்கரை இனத்தைச் சேர்ந்ததன்று, நைட்ரஜன் கொண்ட பொருள் என்பது பின்னரே தெளிவாயிற்று. இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'கிளைசின்' என்னும் பெயரில் மட்டும் அந்தப் பழைய எண்ணம் இன்றும் எஞ்சியிருக்கிறது. ஜெலட்டின் என்பது தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்திலிருந்து வருவது. அந்தப் புரதச் சங்கிலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கண்ணி கிளைசின். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தபோது இந்த விகிதமே அவர்களுக்கு முக்கியமான தடயமாக இருந்தது.

புளிப்பை எண்ணால் அளக்க வழி பிறந்தது கோபன்ஹேகனில். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சென் 1909-இல் பிஎச் என்ற அளவுகோலை வகுத்தார். அதே நகரில் நீல்ஸ் பியரம் 1923-இல் இன்னொரு படி முன்னே சென்றார். அமினோ அமிலம் நீரில் நடுநிலையாகத் தோன்றினாலும் அதன் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் இருக்கின்றன என்று அவர் நிறுவினார். இதனை இருமுனை அயனி எனலாம். கிளைசின் கரைசலின் பிஎச் 6-ஐ ஒட்டி இருக்கையில் ஏறத்தாழ எல்லா மூலக்கூறுகளும் இந்த நிலையிலேயே இருக்கும். அமிலம் சேர்த்து 2.34-க்குக் கொண்டுவந்தால் பாதி மூலக்கூறுகள் ஒரு புரோட்டானைப் பெற்று வெறும் நேர்மின் அயனிகளாகிவிடும். காரம் சேர்த்து 9.6-க்கு உயர்த்தினால் பாதி எதிர்மின் அயனிகளாகும். கரைந்திருப்பது ஒரே பொருள்தான் என்றாலும் கரைசலுக்குள் இருக்கும் கூட்டம் வேறு.

அந்தக் கூட்டம் படிகமாகும்போது என்ன நேர்கிறது? கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்பிரக்டும் கோரியும் 1939-இல் கிளைசின் படிகத்தின் உள்ளமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்தனர். அதில் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராகத் திரும்பி இணையிணையாக அமர்ந்திருந்தன. தூய நீரிலிருந்து வளர்வது இந்த ஆல்ஃபா வடிவம். ஆல்ககால் கலந்த நீரில் நிலையற்ற பீட்டா வடிவம் தோன்றும். 1954-இல் ஜப்பானைச் சேர்ந்த இயிட்டாகா மூன்றாவது வடிவம் ஒன்றை அறிவித்தார். அசிட்டிக் அமிலமோ அம்மோனியாவோ சேர்ந்த நீர்க்கரைசலில் வளர்ந்த அது காமா கிளைசின் எனப் பெயர்பெற்றது. அதில் எதிரெதிர் இணைகள் இல்லை. மூலக்கூறுகள் திருகுபடிக்கட்டுப்போல் ஓர் அச்சைச் சுற்றி ஏறுகின்றன, எல்லாம் ஒரே திசை நோக்கியவை. அறை வெப்பநிலையில் மூன்றினுள் மிக நிலையானதும் இதுவே.

மிக நிலையான வடிவம் தூய நீரில் ஏன் எளிதில் வருவதில்லை? நடுநிலைக் கரைசலில் கிளைசின் மூலக்கூறுகள் இணைகளாகக் கைகோத்து ஆல்ஃபா வடிவத்துக்கு அடிக்கல் இடுகின்றன என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம். கரைசலில் அத்தகைய இணைகள் கணிசமாக இருக்கின்றனவா என்ற ஐயத்தைப் பிந்தைய ஆய்வுகள் எழுப்பியுள்ளன. 2004-இல் டவுலர், ராஜர் டேவி உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இன்னொரு விளக்கத்தை அளித்தனர். அமிலத்தில் உருவாகும் நேர்மின் அயனிகள் வளரும் ஆல்ஃபா படிகத்தின் முகங்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கு சேரவிடாமல் தடுக்கின்றன. கிளைசின் தனக்கே நஞ்சாகிறது. வேகமாக ஓடும் ஆல்ஃபா இவ்வாறு தளர்ந்துவிட, மெதுவாக நடக்கும் காமா முந்திக்கொள்கிறது.

இந்த வேறுபாடு வேதியியலாளர்களின் குறிப்பேட்டோடு நின்றிருக்கக்கூடும். அதற்கு வேறொரு மதிப்பைத் தந்தது லேசர். 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கெனும் குழுவினரும் மாணிக்க லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பொளியைக் குவார்ட்ஸ் படிகத்தின் ஊடே செலுத்தினர். மறுபுறம் 347.2 நானோமீட்டர் அலைநீளத்தில் மங்கலான புற ஊதாக் கதிரும் வந்தது. அலைநீளம் சரிபாதி, அதாவது அதிர்வெண் இரட்டிப்பு. அச்சான கட்டுரையின் படத்தில் அந்த ஒளிப்புள்ளி இல்லை. இதழினர் அதைக் கறை என்று கருதி அழித்துவிட்டார்கள் என்பது இயற்பியலாளர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

அதிர்வெண்ணை இரட்டிக்கும் திறன் எல்லாப் படிகத்துக்கும் வாய்ப்பதில்லை. எதிரெதிராக அமர்ந்த மூலக்கூறுகளைக் கொண்ட படிகத்தில் ஒன்றின் பங்களிப்பை மற்றது அழித்துவிடும். ஆல்ஃபா கிளைசின் அத்தகையது, லேசர்முன் அது வெறும் கண்ணாடித் துண்டு. எல்லாம் ஒரே திசை நோக்கும் காமா கிளைசினிலோ பங்களிப்புகள் கூடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரைக் காட்டினால் 532 நானோமீட்டர் பச்சை ஒளி எழுகிறது. கிண்ணத்தில் சேர்த்த புளிப்பு ஒளியின் நிறமாக வெளிப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

அமினோ அமிலமும் அமிலமும் சேர்ந்து புதிய உப்பாகவே படிவதும் உண்டு. மூன்று பங்கு கிளைசினும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த டிரைகிளைசின் சல்பேட்டை 1956-இல் பெல் ஆய்வகத்தில் மத்தியாஸ் குழுவினர் ஆராய்ந்தனர். 49 டிகிரி செல்சியசுக்குக் கீழே தன் மின்முனைவைத் திருப்பிக்கொள்ளவல்ல அந்தப் படிகம் அகச்சிவப்பு உணரிகளில் இடம்பெற்றது. பிராக்கோனோவின் காய்ச்சலில் கூடியிருந்த அதே இரு பொருள்கள்தாம்! 1983-இல் சீனாவின் ஷான்டாங் பல்கலைக்கழகத்தினர் ஆர்ஜினினையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் சேர்த்து வளர்த்த படிகம், அமினோ அமில உப்புகள்மீது உலகின் கவனத்தைத் திருப்பியது.

கண்ணாடிக் குவளை, துளையிட்ட மூடி, வெப்பம் மாறாத தொட்டி, பொறுமை. இவ்வகைப் படிகத்தை வளர்க்க இவ்வளவு போதும். பணவசதி குறைந்த கல்லூரி ஆய்வகமும் இறங்கக்கூடிய துறை இது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-இல் படிக வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. தமிழகக் கல்லூரிகள் பலவற்றின் இயற்பியல் துறைகளில் இன்றும் இந்தக் குவளைகளைக் காணலாம்.

ஆனால் எளிமையில் ஒரு கண்ணி இருக்கிறது. கிளைசினோடு ஏதேனும் ஓர் உப்பையோ அமிலத்தையோ கலக்கிறோம். தெளிந்த படிகம் வளர்கிறது. லேசரில் பச்சை ஒளி தெரிகிறது. புதிய சேர்மம் பிறந்துவிட்டது என்று மனம் துள்ளுகிறது. உண்மையில் சேர்த்த பொருள் படிகத்துக்குள் புகாமல், கரைசலின் தன்மையை மாற்றிக் காமா கிளைசினை வரவழைத்ததோடு ஒதுங்கியிருக்கலாம். உலகின் பல பகுதிகளிலிருந்து வெளியான இத்தகைய அறிவிப்புகளை மைக்கேல் ஃபிளெக்கும் அராம் பெட்ரோசியானும் மறுபரிசீலனை செய்தனர். புதியவை எனப்பட்ட சில படிகங்கள் தொடக்கப் பொருள்களே என்று காட்டினர். அமினோ அமில உப்புகளைப் பற்றி 2014-இல் தனி நூலும் எழுதினர்.

பச்சை ஒளி சொல்வது ஒன்றே: இந்தப் படிகத்தில் எதிரெதிர் இணைகள் இல்லை. படிகம் எது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல எக்ஸ் கதிர் ஆய்வு வேண்டும், கரைசலின் பிஎச் குறிப்பேட்டில் இருக்கவேண்டும். பிராக்கோனோ இனிப்பை நம்பிச் சர்க்கரை என்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒளியை நம்பிப் புதியது என்று சொல்லிவிடும் அபாயம் நமக்கும் இருக்கிறது. அவருக்கு நாவைத் தவிரப் பெரிய கருவிகள் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.