காலிக் கோட்டைக்கு வெளியே ஒரு கல்

தெமட்டகொடையிலிருந்து விடுமுறைக்குக் காலிக்குப் போகிறவர்கள் மருதானையில் புகையிரதம் ஏறி, கோட்டை மதிலில் நடந்து, ஒல்லாந்தர் கட்டிய ஊரைப் பார்த்ததாகத் திரும்புகிறார்கள். மதில் பெரும்பாலும் ஒல்லாந்தருடையதுதான். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துப் பெருக்கிக் கட்டினார்கள். 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. ஆனால் ஊர் மதிலைவிட மூத்தது. அதற்குச் சாட்சியான கல் காலியில் இல்லை, தெமட்டகொடையிலிருந்து முச்சக்கர வண்டியில் போய்விடக்கூடிய கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தார். அதில் பொறித்த மூன்று மொழிகளில் சீனம் புத்தரையும், தமிழ் தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. 1911இல் அது காலியில் கிடைத்தபோது ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது!

கல் சீனாவில் பொறிக்கப்பட்டது, அது காலியில் தமிழ் வழங்கியதற்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தொலைவில் இருந்த ஓர் அரசவை, இந்தக் கரையில் வாசிக்கப்படும் என்று கணித்த மொழிகளில் தமிழும் ஒன்று. வணிகர் மொழியாக அது இங்கே செல்லாதிருந்தால் அந்தச் செலவு எதற்கு? தெனாவரை என்பது தெவிநுவரை, காலி அல்ல என்பதும் உண்மை. 1344இல் வந்த பயணி இப்னு பதூதாவும் தெவிநுவரையையே பெரிய வணிக நகராகவும், காலியைச் சிற்றூராகவும் காட்டுகிறார். எனவே காலி தமிழர் நகரம் என்று சொல்வதற்கில்லை. பல மொழிகள் புழங்கிய ஒரு கரையின் சிறு துறை அது. மதில் பிறகு வந்தது.