எண்பதடி சிவாஜியும் ஒரு காகித நாடாவும்

1952-ல ரெண்டு பேர் அறிமுகமானாங்க. அக்டோபர்ல 'பராசக்தி' மூலமா சிவாஜி கணேசன். அதுக்கு முந்தின மாசம் அமெரிக்காவுல, எம்.ஐ.டி. ஆய்வகத்துல ஒரு மெஷின். ஓட்டை போட்ட காகித நாடாவைப் படிச்சு, அதுல இருக்கிற கணக்குப்படி தானாவே உலோகத்தைச் செதுக்கும். இன்னிக்கு சி.என்.சி.ன்னு சொல்றோமே, அதோட தாத்தா. ரெண்டு பேருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு மக்களே. கட்டவுட்!

1957-ல 'வணங்காமுடி' படத்துக்கு சென்னை சித்ரா தியேட்டர் வாசல்ல எண்பதடி உயர சிவாஜி நின்னார். செஞ்சது மோகன் ஆர்ட்ஸ். எடப்புளி நாட்டுல இருக்கிற எங்களுக்கு, 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினாத்தான் இந்த மாதிரி சமாச்சாரமெல்லாம். அதனால பிரமிப்பு கொஞ்சம் ஜாஸ்தி :-)

எப்படி வரைஞ்சாங்க? போட்டோ மேல கட்டம் போடுவாங்க. பலகையிலயும் அதே எண்ணிக்கையில பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமா பார்த்து வரையணும். எட்டு இஞ்ச் படத்தை எண்பதடி ஆக்கணும்னா 120 மடங்கு. அதாவது ஒரு இஞ்சுக்குப் பத்தடி. போட்டோவுல அரை நூல் அளவு, அதான் அரைக்கால் இஞ்ச்ல பாதி தப்பினா, மேல கண்ணு ஏழரை இஞ்ச் தள்ளிப் போயிடும்! துண்டு துண்டா தரையில வரைஞ்சு, சவுக்குக் கம்பு சாரத்துல ஏத்திப் பொருத்துவாங்க. பக்கத்துல நின்னு வரையுறவருக்கு மூக்கு மட்டும்தான் தெரியும். முழு முகம் அவர் மனசுலதான் இருக்கணும்.

சினிமால இருந்து கட்டவுட் அரசியலுக்குப் போச்சு. 1995 ஜனவரியில தஞ்சாவூர்ல நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு ஊரெல்லாம் ஜெயலலிதா கட்டவுட்டா நின்னது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் 2000-களில ஃப்ளெக்ஸ் வந்துச்சு. நாள்கணக்குல வரைஞ்ச வேலை மணிக்கணக்குல பிரிண்ட் ஆச்சு. தூரிகை பிடிச்சவங்க பலர் வேற பிழைப்பு தேடிப் போனாங்க. இன்னொண்ணும் நடந்துச்சு. காசு கம்மிங்கறதால காதுகுத்து, கல்யாணம், பொறந்தநாள்னு எல்லாத்துக்கும் பேனர். பலகையை நிறுத்தத் தெரிஞ்சவர் இல்லாமலே பலகை நின்னுச்சு.

காத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் ரெண்டு மடங்கானா, பலகை மேல விழற விசை நாலு மடங்காகும். ஃப்ளெக்ஸ் பேனர் பாய்மரம் மாதிரி அத்தனையையும் வாங்கும். 2018 டிசம்பர்லயே சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்குத் தடை போட்டிருந்துச்சு. இருந்தும், 2019 செப்டம்பர் 12 அன்னிக்கு பள்ளிக்கரணையில, ஒரு கல்யாணத்துக்கு வச்ச பேனர் ஸ்கூட்டர்ல போன 23 வயசுப் பொண்ணு மேல விழுந்துச்சு. பின்னால வந்த லாரி ஏறி அவங்க இறந்துட்டாங்க.

பழைய கட்டவுட் மட்டும் விழாதான்னு கேட்டா, அதுவும் விழும்தான். கையால செஞ்சதெல்லாம் புனிதம்னு நான் சொல்ல வரலை. அந்தத் தொழில்ல வரையறதும் நிறுத்தறதும் ஒரே பட்டறையோட பொறுப்பா இருந்துச்சு. மெஷின் வந்தப்ப நாம ஓவியரைக் கைவிட்டதோட, அந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கைவிட்டோம்.

இப்ப சி.என்.சி. ரவுட்டர் தெர்மகோல், அக்ரிலிக், பிளைவுட் எல்லாத்தையும் வெட்டுது. கட்டம் போடற வேலை மிச்சம், நல்லதுதான். ஆனா எண்பதடி உருவத்தைக் கீழேருந்து அண்ணாந்து பார்த்தா தலை சின்னதாத் தெரியும். தலையைக் கொஞ்சம் பெருசா வெட்டணும். சொன்னா மெஷின் செய்யும். சொல்லணும்னு தெரிஞ்ச ஆள் வேணும். வெட்டின துண்டுகளை இழைச்சு, ஒட்டி, வர்ணம் அடிச்சு, காத்துக்கு அசையாம நிறுத்தவும் கை வேணும்.

உங்க ஊர்ல போர்டு எழுதின பெரியவர் யாராச்சும் இருந்தா, போய் ரெண்டு மணி நேரம் பேசிட்டு வாங்க. அவர் சொல்றதை அப்படியே எழுதி வைங்க. அந்தக் கணக்கெல்லாம் எந்தக் காகித நாடாவுலயும் ஏறலை.